வாரான்துறை வாலாட்டி

தொப்... தொப்... தொப்.

முதலில் கேட்டது இந்தச் சத்தம்தான். ஆற்றின் மேல் பனி மூடிக் கிடந்தது. பரிசல் தெரியவில்லை, பரிசலைத் தள்ளுகிறவன் தெரியவில்லை, அக்கரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. துடுப்பு தண்ணீரை அடிக்கும் சத்தம் மட்டும் நெருங்கி வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து, வெள்ளையில் கறுப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு ஆள். அவனுக்கு முன்னால் விளிம்பில் ஒரு குருவி.

அந்தக் காலத்தில் குருவி வாயைத் திறந்தால் மனிதன் நின்று கேட்பான். மனிதன் பேசினால் குருவியும் கேட்கும். இரண்டு பேருக்கும் அதில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது.

ஆற்றுக்குக் கிழக்கே கல்லாங்கரை. மேற்கே தொட்டியங்காடு. நடுவில் காவிரி, வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவள் மாதிரி, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஊருக்கும் ஒரே பரிசல். மூங்கில் பிளாச்சில் கூடை மாதிரி பின்னி, எருமைத்தோல் போர்த்தியது. அதை ஓட்டுகிறவன் ராக்கியண்ணன். கல்லாங்கரைப் படித்துறையை ஒட்டி அவன் குடிசை.

விளிம்பில் உட்கார்ந்திருந்த குருவிக்கு அப்போது வாலாட்டி என்ற பெயர் கிடையாது. ஆணிக்குருவி என்றுதான் பெயர். ஆற்றின் நடுவில் இருக்கும் மத்திப் பாறையில் வந்து உட்கார்ந்தால் ஆணி அடித்து வைத்த மாதிரி உட்காரும். நீளமான அந்த வால் கோல் மாதிரி விறைத்து நிற்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அசையாது.

மீன்கொத்தி போகிறபோதெல்லாம் கேட்கும்: “ஏண்டி, இருக்கறயா செத்துட்டயா? பாத்தாத் தெரியலையே!”

“இருக்கறேன். உன்ற சத்தம்தான் இன்னும் சாகலை” என்று குருவி சொல்லும். சொல்லும்போதும் வால் அசையாது.

அதன் வேலை சேதி சேர்ப்பது. ஆறு அகலம். இக்கரையில் கத்தினால் அக்கரைக்குக் கேட்காது. கரையில் நிற்கிறவர்கள் சொல்வதைக் குருவி வாங்கிக்கொண்டு போய் எதிர்க்கரையில் கொடுக்கும். அதில் அதற்கு ஒரே பெருமை. “நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்ப்பேன்.”

ராக்கியண்ணனின் பெண்சாதி பாவாயி. தொட்டியங்காட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். அவளுக்குக் கை சும்மா இருக்காது. பரிசல் தோலில் கிழிசல் பார்ப்பது, ஒட்டுத்தோல் வைத்துத் தைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் அவள்தான். கை தைத்துக்கொண்டிருக்கும், கண் ஆற்றில் இருக்கும். அவளுடைய அய்யன் ஒரு நாள் காலையில் ஆற்றில் இறங்கிப் போனவர். திரும்பி வரவில்லை. போகும்போது ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. சின்னப் பெண்ணாகத் தொட்டியங்காட்டுப் படியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவளுக்கு எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் மனசு ஒரு இடத்தில் நிற்காது.

ராக்கியண்ணனோ வாய் திறக்காத ஆள். பரிசலைத் தள்ளுவான், ஏறுவான், போவான். பாவாயி ஊசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கும்போது பாதி ஆறு தாண்டியிருப்பான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். மடியில் பாதி தைத்த தோல் கிடந்தது.

“ஏனுங்க, ‘வாரேன்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாயிலிருக்கற முத்து உதுந்துருமா?”

“அக்கரைக்குத்தான புள்ள போறேன். காசிக்கா போறேன்?”

“அக்கரைக்குப் போனவிய எல்லாம் வந்துட்டாங்களா? எங்கய்யன் வந்தாரா?”

இதற்கு அவன் பேசாமல் இருந்திருக்கலாம். அன்றைக்குப் பார்த்துப் பேசினான்.

“நாளெல்லாம் போறேன், வாரேன். ஒவ்வொரு தரமும் உன்ற முன்னால கையக் கட்டிச் சொல்லிட்டுப் போகோணுமாக்கும்?”

பாவாயி ஊசியைத் தோலில் அப்படியே குத்தி வைத்தாள். எழுந்தாள். “அப்ப நானும் சொல்லாமத்தான் போறேன்” என்று துணியை மூட்டை கட்டினாள்.

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவளுக்கும் அதே பரிசல்தானே. போய் ஏறி உட்கார்ந்தாள். ஏற்கெனவே ஒரு வெல்ல வியாபாரி இருந்தான். ராக்கியண்ணன் துடுப்பை எடுத்தான். குருவி இரண்டு பேருக்கும் நடுவில், விளிம்பில்.

“ஏ குருவி, பரிசக்காரர்கிட்டச் சொல்லு. வெயில் ஏறுது. சுருக்காப் போகச் சொல்லு.”

குருவி இந்தப் பக்கம் திரும்பி, “வெயில் ஏறுதாமா. சுருக்காப் போகோணுமாமா” என்றது.

“அந்தம்மிணிகிட்டச் சொல்லு. அவசரமா இருந்தா எறங்கி நடந்து போகச் சொல்லு.”

“அவசரமா இருந்தா எறங்கி நடந்து போகோணுமாமா.”

“எகத்தாளத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்லைன்னு சொல்லு.”

“எகத்தாளத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்லையாமா.”

வெல்ல வியாபாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். “ஏனுங்க பரிசக்காரரே, இன்னொரு சுத்து சுத்துங்க. நான் எறங்கறதா இல்லை.” இருவரும் சேர்ந்து அவனை முறைத்த முறைப்பில் வெல்ல மூட்டையைப் பார்க்கத் தொடங்கினான்.

தொட்டியங்காட்டுத் துறையில் பாவாயி இறங்கினாள். எதுவும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. பரிசல் திரும்பி நடு ஆற்றுக்கு வந்தபோது ராக்கியண்ணன் துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். குருவி அதைப் பார்த்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது அதன் வழக்கமில்லை.

பிறகு ஆடி வந்தது. ராக்கியண்ணன் தனியாகக் களி கிண்டினான். அது அடி பிடித்தது. தோலில் ஒட்டுப் பாதியில் நின்ற இடத்தில் அவள் குத்தி வைத்த ஊசி அப்படியே இருந்தது. அதை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை. நூலைச் சுற்றி ஊசியைக் கட்டி வைத்துவிட்டு, திறந்திருந்த கிழிசலில் பழந்துணியை அடைத்துக்கொண்டு ஓட்டினான்.

ஒரு நாள் காலை ஆற்றின் வாசம் மாறியிருந்தது. நுரை வந்தது, குச்சி வந்தது, வேரோடு ஒரு எருக்கஞ்செடி வந்தது. அப்புறம் வடக்கே மேலாற்றிலிருந்து, தண்ணீருக்குள் தண்ணீராக, சிவப்பாக ஒரு கோடு. மலையில் மழை. செந்தண்ணீர் மத்திப் பாறையின் காலைத் தொட்டுவிட்டால் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட வேண்டும். அதுதான் துறையின் கட்டு. கவிழ்த்தால் துறை மூடியது என்று அர்த்தம். தண்ணீர் வடிந்து தெளியும் வரை, அது எத்தனை மாதம் ஆனாலும், இந்தக் கரை வேறு, அந்தக் கரை வேறு.

ராக்கியண்ணன் கரையில் நின்றான், உட்கார்ந்தான், மறுபடி நின்றான். கடைசியில் குருவியைக் கூப்பிட்டான்.

“போயி அவகிட்டச் சொல்லு. செந்தண்ணி வந்துட்டுது. பரிசலைக் கவுத்தப் போறேன்னு சொல்லு.”

“வேற?”

“வேற என்ன? அவ்வளவுதான்.”

பாவாயி தொட்டியங்காட்டு வீட்டு வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். குருவி வேலியில் உட்கார்ந்து சேதியைக் கொடுத்தது. முறம் காற்றிலேயே நின்றது.

“அவரே சொன்னாரா? அவரா சொல்லியுட்டாரு?”

“அவரேதான்.”

எதையும் சொல்லாமல் போகிற மனிதன் சொல்லி அனுப்பியிருக்கிறான். பாவாயிக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பினாள். முளையில் தொங்கிய துணி மூட்டையை எட்டி எடுத்துக்கொண்டே சொன்னாள்: “வாரேன்னு சொல்லு.”

வார்த்தை ஆறுவதற்குள் குருவி பறந்துவிட்டது.

“வாரேன்னாங்க” என்றது ராக்கியண்ணனிடம்.

அவன் குருவியின் பக்கம் திரும்பினான். “எப்படிச் சொன்னா?”

“மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுச் சொன்னாங்க.”

“சிரிச்சாளா?”

“பின்னால இருந்து எப்படித் தெரியும்?”

நம்மில் யார் படியிறங்கினாலும் ‘வாரேன்’ என்றுதானே சொல்கிறோம். ‘போகிறேன்’ என்று யார் சொல்கிறார்கள்? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அவனோடு சண்டை போட்டாள். இப்போது அதையே சொல்லி அனுப்பியிருக்கிறாள். இப்படிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், பார்த்துக்கொள் என்று சொல்வது போல.

“அவ சொல்லிட்டுப் போயிட்டா” என்றான் ராக்கியண்ணன். “எனக்குத்தான் அது வரலை.”

செந்தண்ணீர் மத்திப் பாறையின் காலைத் தொட்டது. அவன் பரிசலைக் கரைக்கு இழுத்தான். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்தான். அந்தச் சத்தம், தோல் மண்ணில் விழுந்த சத்தம், அவனுக்கே என்னவோ போல் இருந்தது. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

பாவாயி மூட்டையோடு ஓடி வந்து தொட்டியங்காட்டுத் துறையில் நின்றாள். அக்கரையில் பரிசல், காலையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்ட ஆமை மாதிரி, அசையாமல் கிடந்தது. அவள் நின்றாள். வெகு நேரம் நின்றாள். கீழ்ப்படி தண்ணீருக்குள் போனது.

பூச்சி பிடிக்க வந்த குருவி அவளைப் பார்த்துப் பக்கத்துக் கல்லில் இறங்கியது.

“ஏண்டி குருவி, அவர்கிட்ட என்னத்தச் சொன்னே?”

“நீங்க சொன்னதைத்தான். வாரேன்னு.”

“அப்புறம் ஏண்டி கவுத்தாரு? நான் வாரேங்கறேன், அவரு கவுத்தறாரே!”

குருவி தலையைச் சாய்த்தது. அவள் கையில் மூட்டையைப் பார்த்தது. முதுகுப் பக்கமிருந்து பார்த்தபோது தெரியாத மூட்டை. “அம்மிணி, நீங்க சொன்னது எந்த வாரேன்?”

“வாரேன்ல எத்தனை வாரேண்டி இருக்குது?”

“போறவிய சொல்றதும் வாரேன்தான். வர்றவிய சொல்றதும் வாரேன்தான். நான் வார்த்தையை மட்டுந்தான் எடுத்துட்டுப் போனேன்.”

பாவாயி அதைக் கேட்டு ஒரு கணம் சிரித்தாள். பிறகு கத்தினாள்: “போ! போயிச் சொல்லு! சோறாக்க வாரேன், சண்டை கட்ட வாரேன், அந்தத் தோலைத் தெச்சு முடிக்க வாரேன்னு சொல்லு!”

குருவி இறக்கையை விரித்தது.

“நில்லு.” அவள் குரல் இறங்கிவிட்டது. படியைத் தாண்டி வந்த சிவப்புத் தண்ணீர் அவள் கால்விரலை நனைத்தது. “சொல்லாதே. தண்ணி ஏறிருச்சு. கேட்டா எறங்கிருவாரு. அந்தத் தோல் பாதிதான் தெச்சுருக்குது. எங்கய்யன் போன ஆத்துல இவரும் போக வேண்டாம். நீ சொல்லவே வேண்டாம்.”

சொல்லு என்றும் சொன்னாள். சொல்லாதே என்றும் சொன்னாள். கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்க்கிற குருவி எதைச் சேர்க்கும்?

சொன்னால் அந்த மனிதன் ஆற்றில் இறங்குவான். சொல்லாவிட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருப்பான். இவளும் இந்தப் படியில் உட்கார்ந்தே இருப்பாள். தண்ணீர் வடியும்போது இரண்டு மனசும் கல்லாகியிருக்கும். இறந்தவனை நினைத்து அழலாம். இருப்பவனை விட்டுவிட்டு எத்தனை நாள் ஆற்றைப் பார்ப்பது? சொல்லலாம். வேண்டாம். சொல்லலாம். வேண்டாம். யோசிக்க யோசிக்க, அதுவரை கோல் மாதிரி இருந்த வால் மெல்ல மேலே போனது, கீழே வந்தது. மேலே, கீழே. குருவி திரும்பித் தன் வாலையே பயந்து பார்த்தது.

பிறகு பறந்தது. அதுவும் நேராகப் பறக்க வரவில்லை. எழும்பி, தாழ்ந்து, எழும்பி, தாழ்ந்து, அலையில் போகும் பரிசல் மாதிரியே போனது.

“பரிசக்காரரே! போற வாரேன் இல்லை! வர்ற வாரேன்! மூட்டையோட நிக்கறாங்க!” ராக்கியண்ணன் எழுந்துவிட்டான். குருவி மூச்சு விட்டுக்கொண்டு மீதியையும் கொடுத்தது. “சொல்ல வேண்டாம்னும் சொன்னாங்க. தண்ணி ஏறிருச்சாமா. தோல் பாதிதான் தெச்சுருக்குதாமா.”

“அப்படியா சொன்னா?” என்று கேட்டான் அவன். அத்தனை நாள் கழித்து முகத்தில் ஒரு வெளிச்சம். துடுப்பை எடுத்தான். பரிசலை நிமிர்த்தினான். செந்தண்ணீர் வந்தபிறகு அந்தத் துறையில் யாரும் பரிசலை நிமிர்த்தியது கிடையாது.

தண்ணீருக்குள் கால் வைத்தவன், நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னான். “போயிச் சொல்லு. வாரேன்.”

குருவி கொண்டுபோய்க் கொடுத்தது. “வாரேன்னாரு.”

பாவாயியின் முகம் வெளுத்தது. “எந்த வாரேன்?”

குருவியின் வால்தான் மேலும் கீழும் போனது.

பரிசல் கல்லாங்கரையை விட்டு நகர்ந்ததுதான் தெரியும். நடு ஆற்றில் தண்ணீர் அதைத் தூக்கிச் சுழற்றியது. துடுப்பு ஒரு பக்கம், பரிசல் ஒரு பக்கம். தொட்டியங்காட்டுத் துறைக்கு நேராக வரவேண்டியது கீழ்ப்பக்கமாக, தெற்கே, இழுத்துக்கொண்டு ஓடியது. பாவாயி மூட்டையோடு கரையிலேயே ஓடினாள். கரை என்றா சொல்வது? முள்ளும் சேறும். மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கூவினாள்: “ஆத்துல எவனோ வாரான்! எவனோ வாரான்!”

ஒட்டு பிரிந்தது. பழந்துணி மிதந்து போனது. பரிசலுக்குள் முழங்கால் வரை தண்ணீர்.

குருவி அவன் தலைக்கு மேலே பறந்து கத்தியது. “இடப்பக்கம்! இடப்பக்கம் தள்ளுங்க!” ஆற்றின் இரைச்சலில் அது கத்தியது அதற்கே கேட்கவில்லை. பாவாயி கத்தினாள். அதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த ஆற்றில் எந்த வார்த்தைக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

கீழே ஆறு வளைகிற இடத்தில் ஒரு நீர்மருது, வேரில் பாதியைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. வேருக்குப் பின்னால் ஒரு கையகல இடத்தில் தண்ணீர் சுழலாமல் கிடந்தது. குருவி அதைப் பார்த்துவிட்டது. முந்திப் பறந்து போய், தண்ணீருக்கு மேலே துருத்திய வேர் நுனியில் உட்கார்ந்தது. சொல்ல வாய் உதவாது. வாலைத் தூக்கி அடித்தது. தூக்கி அடித்தது. கறுப்பும் வெள்ளையுமாக அந்த வால், இங்கே, இங்கே, இங்கே.

சிவப்புத் தண்ணீருக்கு நடுவில் ராக்கியண்ணன் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. துடுப்பை முழுக்க அந்தப் பக்கம் குத்தினான். பரிசல் வேரில் மோதி ஒருக்களித்தது. அவன் தண்ணீருக்குள் விழுந்தான். அதற்குள் பாவாயி இடுப்பளவு இறங்கியிருந்தாள். மூட்டையைப் பிரித்துச் சேலையின் ஒரு நுனியை மருதில் சுற்றி, மறு நுனியை வீசினாள். பிடித்துக்கொண்டான். இழுத்தாள். அவனும் வந்தான். அவன் மறு கையில் பிடித்திருந்த பரிசலும் வந்தது.

இரண்டு பேரும் மருதடியில் கிடந்து மூச்சு வாங்கினார்கள். பாவாயிதான் முதலில் கேட்டாள்.

“எந்த வாரேனுங்க சொல்லியுட்டீங்க?”

அவன் இருமித் தண்ணீரைத் துப்பினான். “இந்த வாரேன்தான் புள்ள.”

தண்ணீர் வடிய நாளாயிற்று. வடிந்தபோது கல்லாங்கரைப் படித்துறை மணலுக்கு அடியில் போயிருந்தது. தொட்டியங்காட்டுத் துறை இருந்த இடத்தில் கரையே இல்லை. பரிசல் இருந்த இடம் துறையாயிற்று. இரண்டு ஊரிலிருந்தும் விலகி, ஒரு பாதையும் போகாத இடத்தில், வளைவில், மருதடியில் அந்தத் துறை இருப்பதற்குக் காரணம் இதுதான். துறையை எவன் இங்கே கொண்டுவந்து வைத்தான் என்று மூட்டை சுமந்து வந்தவர்கள் எல்லாரும் வைதிருக்கிறார்கள். யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. ஆறு வைத்தது.

ஆடு மேய்த்தவள் கூவியதே பெயராகவும் நின்றுவிட்டது. வாரான்துறை. பழைய செய்யுள் படித்தவர்கள் வந்தால், வாரான் என்றால் வரமாட்டான் என்றல்லவா பொருள், துறைக்கு இப்படி ஒரு பெயரா என்பார்கள். துறைக்காரர்களுக்கு வாரான் என்றால் வந்துகொண்டிருக்கிறான். கரையில் நின்று பார்க்கிறவளுக்கு இரண்டும்தான்.

அங்கே ஒரு வழக்கமும் உண்டு. பரிசலில் ஏறுகிறவர் கரையில் நிற்கிறவரைப் பார்த்து ‘வாரேன்’ என்றால் பரிசல்காரர் உடனே துடுப்பை எடுக்கமாட்டார். “எந்த வாரேனுங்க?” என்று கேட்பார். “திரும்பற வாரேன்” என்று சொன்னபிறகுதான் பரிசல் நகரும். மேலே பாலம் வந்துவிட்டது. இப்போது ஏற ஆளில்லை. மருது நிற்கிறது. போய் நின்றால், தண்ணீர் ஓரத்துக் கல்லில் அந்தக் குருவி நிற்பதைப் பார்க்கலாம். சொல்லலாம், வேண்டாம், இங்கே, இங்கே என்று அதன் வால் ஒரு நொடி ஓயாது. மனிதன் பேச்சை அது மறுபடி எடுத்துக்கொண்டு போகவில்லை. வார்த்தையை நம்பி ஒரு தரம் கெட்டது போதும் என்று விட்டுவிட்டது.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கு மருதடியில், ஈரச் சேலையைக் கிளையில் விரித்துப் போட்டுவிட்டுப் பாவாயி பரிசலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். தோலில், அவள் பாதியில் விட்ட இடத்தில், அவன் கட்டி வைத்த நூலுக்குள் ஊசி இன்னும் இருந்தது. குருவி எதிரே விளிம்பில் வந்து உட்கார்ந்தது. வால் மேலே போனது, கீழே வந்தது.

“அதைச் செத்த நிறுத்தேண்டி. கண்ணு கூசுது.”

நிற்கவில்லை. அன்று முதல்தான் ஆணிக்குருவி வாலாட்டியானது. பாவாயி நூலை அவிழ்த்து, நுனியை எச்சில் தொட்டு ஊசியில் கோத்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.